உப்பில்லாத வெண்டைக்காய்

தன்தா
5 ஜூலை 1984

ஹில்மி அம்மாவுக்கு,

ஸலாம். சுஹைர் எழுதுகிறேன். கையெழுத்து உங்களுக்குப் புதிதாக இருக்கும். பதினோரு வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இதுதான். அவசியம் இல்லையென்றால் இதையும் எழுதியிருக்க மாட்டேன். நீங்களும் அதைத்தான் விரும்பியிருப்பீர்கள். உங்களுக்கு நான் சக்களத்தி, எனக்கு நீங்கள் சக்களத்தி, இதில் பூசி மெழுக எதுவும் இல்லை.

அவருக்கு நோன்பு மாதத்தில் மூச்சுத் திணறல் வந்ததும், நான் நர்ஸாக இருக்கும் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்ததும் அவரோடு ரயில்வேயில் வேலை பார்த்த மஹ்ரூஸ் சொல்லித் தெரிந்திருக்கும். அவர் ஓய்வு பெற்றுவிட்டாலும் மஹ்ரூஸ் இன்னும் அதே ரயிலில் டிக்கெட் பார்த்துக்கொண்டு தெற்கே உங்கள் ஊருக்கும் வடக்கே எங்கள் ஊருக்கும் போய்வந்துகொண்டுதானே இருக்கிறார். இதயம் பலவீனமாகிவிட்டது, காலெல்லாம் நீர். இப்போது வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டேன். டாக்டர் உப்பு கூடாது, நெய் கூடாது, கறிச்சாறு கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காய்கறிதான் கதி.

அவர் சாப்பிடுவதில்லை. விஷயம் அவ்வளவுதான். சுரைக்காய் வைத்தால் தள்ளுகிறார், கீரை வைத்தால் முகத்தைத் திருப்புகிறார். சந்தையில் நல்ல வெண்டைக்காய் வந்திருக்கிறதே என்று வாங்கி என் முறைப்படி செய்து வைத்தேன். தட்டை ஒரு விரலால் தள்ளிவிட்டு, "இதெல்லாம் ஒரு வெண்டைக்காயா? ஹில்மி அம்மா கையால சாப்பிடணும்" என்றார். அன்றிலிருந்து எதைக் கொண்டுபோனாலும் அதே பேச்சுதான். எத்தனையோ நோயாளிகளுக்கு மூக்கைப் பிடித்து ஊட்டியிருக்கிறேன். இவரிடம் செல்லவில்லை.

உடம்பு தேறினால்தான் ரயிலேற்றலாம் என்கிறார் டாக்டர். சாப்பிட்டால்தான் தேறும். அதனால் கேட்கிறேன், உங்கள் வெண்டைக்காயை எப்படிச் செய்கிறீர்கள் என்று எழுதி அனுப்புங்கள்.

சுஹைர்


ஜிர்ஜா
13 ஜூலை 1984

சுஹைருக்கு,

உன் கடிதம் வந்தது. காகிதம் நன்றாக இருந்தது.

மஹ்ரூஸ் எல்லாம் சொன்னான். நீ சொல்லித்தான் தெரிய வேண்டும் என்றில்லை. அவர் இங்கே வந்திருக்க வேண்டிய முறை இரண்டு தப்பிவிட்டது என்று மட்டும் நீ எழுத மறந்துவிட்டாய். பதினைந்து நாள் அங்கே, பதினைந்து நாள் இங்கே. உன்னை நிக்காஹ் செய்வதற்கு முன்னால் இந்த வீட்டுக் கூடத்தில் என் அண்ணன் முன்னால் உட்கார்ந்து ஒப்புக்கொண்டது. பக்கத்து வீட்டிலிருக்கும் அவர் தங்கை ஹமீதா தினமும் வந்து, "தன்தாக்காரி கட்டிப் போட்டுட்டா, நீ இங்க உக்காந்து புறாவுக்குத் தீனி போடு" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

சரி, வெண்டைக்காய். எங்கள் பக்கம் இதற்கு வேக்கா என்று பெயர். உங்கள் ஊரில் செய்வது போலக் காயை முழுசாக அடுக்கி வைத்து அழகு பார்ப்பதில்லை.

காய் உன் விரல் நீளத்துக்கு மேல் வேண்டாம். நுனியை ஒடித்துப் பார். பட்டென்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஆட்டுக்குப் போடு. முழுக் காயாகக் கழுவி, துணியால் துடைத்து, ஈரம் போன பிறகுதான் கத்தியை எடுக்க வேண்டும். நறுக்கிவிட்டுக் கழுவுகிறவளைச் சமையலறைக்குள்ளேயே விடக்கூடாது. பொடிப்பொடியாக அரி. இரண்டு தக்காளியை நசுக்கிக் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கொதிக்க வை. கொதி வந்ததும் காயைக் கொட்டு. மூடாதே. பச்சை நிறம் மங்குவதற்குள் இறக்கி, மத்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பிடித்துக் கடை. குழைந்து, எடுத்தால் நூலாக இழுக்க வேண்டும். நெய்யில் தாளிக்கக் கூடாது என்கிறாய். அப்படியென்றால் பூண்டையும் மல்லி விதையையும் வெறும் சட்டியில் வாசம் வரும்வரை புரட்டி, நசுக்கி, மேலே போடு. உப்புக்குப் பதிலாக ஒரு பச்சை மிளகாயும் அரை எலுமிச்சையும் கூடுதலாக வை. நாக்கு ஏமாந்துபோகும்.

இது ஒன்றும் வித்தை இல்லை. பசித்தவனுக்கு இதைவிட லேசான சாப்பாடு கிடையாது.

ஒன்று கேட்கிறேன், பதில் எழுது. என் கை வெண்டைக்காயைப் பற்றி அவர் என்ன வார்த்தையில் சொன்னார்? தூக்கத்தில் உளறினாரா, தெளிவாக இருக்கும்போது சொன்னாரா? அப்படியே எழுது, நீ கூட்டிக் குறைக்காதே.

ரதீபா


தன்தா
20 ஜூலை 1984

ஹில்மி அம்மாவுக்கு,

நீங்கள் எழுதியபடியே செய்தேன். எழுதியபடியே என்று சொல்வதும் முழு உண்மை இல்லை. தன்தாவில் நான்கு கடை ஏறி இறங்கியும் அந்த மத்து கிடைக்கவில்லை. கடைக்காரர் ஒருவர், "அதெல்லாம் தெற்கே இருக்குறவங்க வெச்சுக்கிறது, இங்க யாரும்மா வாங்குவா" என்றார். வீட்டில் முட்டை அடிக்கும் கைச்சுற்றி இருந்தது. அதை வைத்து அடித்தேன்.

நான் வளர்ந்த வீட்டில் வெண்டைக்காயிலிருந்து ஒரு நூல் எழும்பினால் அது அந்தப் பெண்ணை வளர்த்தவர்களுக்கே அவமானம். என் அம்மா காயின் கொண்டையை விதை வெளியே தெரியாதபடி பென்சில் சீவுவதுபோல் சீவ வைத்து, பிறகுதான் அடுப்பையே பற்ற வைப்பாள். அந்த வழவழப்பை வேண்டுமென்றே இழுத்து வளர்க்கச் சொன்னால் என் கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுற்றினேன். நுரை நுரையாக வந்தது.

அவர் முன்னால் வைத்தேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "என்னதுடி இது, சவரம் பண்ணப் போறியா?" என்றார். ரொட்டியை மட்டும் கொஞ்சம் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு திரும்பிப் படுத்துவிட்டார்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். தெளிவாக இருக்கும்போதுதான் சொன்னார், சாயங்காலம், ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு. "ஹில்மி அம்மா சட்டிய எறக்குனா தெருவுல போறவன் நிப்பான். அவ கை பட்டா வெண்டைக்கா வேற எதுவோ ஆயிடும். நீயும் பண்றியே." கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, பதினோரு வருஷமாக இந்த வீட்டில் நான் எதை வைத்தாலும் உங்கள் பெயர்தான். ஒவ்வொரு கோடையிலும் நான் உங்களைச் சபித்துக்கொண்டுதான் வெண்டைக்காய் அரிவேன். இதை எழுதியதற்கு நீங்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

எடை இன்னும் இறங்கியிருக்கிறது. கன்னம் ஒட்டிவிட்டது. எதை விட்டேன் என்று எழுதுங்கள்.

சுஹைர்


ஜிர்ஜா
28 ஜூலை 1984

சுஹைருக்கு,

முட்டை அடிக்கும் கம்பியா? அல்லாஹ் உன்னை மன்னிக்கட்டும்.

மத்து என்பது சுற்றுகிற சாமான் இல்லை. கை போன போக்கில் அரை வட்டம் முன்னால், அரை வட்டம் பின்னால். காய் நசுங்க வேண்டும், நுரைக்கக் கூடாது. என்னுடையதை அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பவில்லை. இந்த வீட்டிலிருந்து ஏற்கெனவே ஒன்று உன் வீட்டுக்கு வந்துவிட்டது, அதுவே போதும்.

முள் கரண்டியின் முதுகால் சட்டியின் ஓரத்தில் வைத்து நசுக்கு. பொறுமையாக. பூண்டை அவர் மூக்குக்குப் பக்கத்தில் நசுக்கு. வாசம்தான் முதல் கவளம். வெந்தயம் சேர்த்த சோள ரொட்டி கிடைத்தால் வாங்கு, உங்கள் ஊர் மைதா ரொட்டி இதற்குச் சரிவராது. ஆறவிட்டு வை. சூடாக இருந்தால் உப்பில்லாதது உடனே தெரியும், ஆறினால் புளிப்பு முன்னால் வரும்.

அவர் சொன்னதை எழுதியிருந்தாய். படித்தேன். ஹமீதாவையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினேன். அவள் முகத்தைப் பார்க்க நீ இங்கே இருந்திருக்க வேண்டும். "எங்க அண்ணனா சொன்னாரு?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

நீ சபித்தாய் என்று எழுதியதற்குக் கோபம் இல்லை. நான் உன்னைச் சபித்ததை எழுத இந்தக் காகிதம் போதாது.

இப்போது நான் ஒன்று சொல்கிறேன், மனசில் வைத்துக்கொள். உன் வீட்டில் சாமான் என்ன இருக்கிறது, அவருடைய பென்ஷனை யார் வாங்குகிறார்கள், இதெல்லாம் நான் ஒரு நாளும் கேட்டதில்லை, இனியும் கேட்க மாட்டேன். எனக்கு என் முறை வேண்டும். அவர் இந்தப் படியேறி வந்து இந்தக் கூடத்தில் உட்கார வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு என் மகன் ஹில்மி குவைத்திலிருந்து வர முடியாது என்று எழுதிவிட்டான். அவரும் வராவிட்டால் ஆட்டை அறுத்துவிட்டு நானும் ஹமீதாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அவர் அங்கேயே முடிந்துபோய் மரப்பெட்டியில் வந்து இறங்கினால் அது முறையாகாது. பயமாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவும் எழுதுகிறேன், உன்மேல் உள்ள பாசத்தினால் இல்லை.

சாப்பிட வை.

ரதீபா


தன்தா
6 ஆகஸ்ட் 1984

ஹில்மி அம்மாவுக்கு,

சாப்பிட்டார்.

ஒரு தட்டு வெண்டைக்காய், ஒன்றரை ரொட்டி. இன்னும் மீதி இருக்கிறதா என்று கேட்டார். மறுநாளும் சாப்பிட்டார். இந்த வாரம் கால் வீக்கம் வடிந்திருக்கிறது, செருப்பு போட முடிகிறது. நேற்று மாடிப்படி வரை நடந்து போய் கீழ்வீட்டுக்காரரோடு ரயில்வேயைத் திட்டிவிட்டு வந்தார். டாக்டர் இதே மாதிரி போனால் பெருநாளுக்கு முன்னால் பயணம் செய்யலாம், பகல் ரயிலில், துணையோடு, என்று சொல்லியிருக்கிறார். மஹ்ரூஸிடம் பேசிவிட்டேன்.

ஒவ்வொரு கவளத்துக்கும் உங்கள் பெயர்தான். "பாத்தியா, இதுதான் கை" என்கிறார். நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உங்களுக்கு ஒரு விஷயம் தெரியட்டும். அவரை நான் கட்டிப் போடவில்லை. எனக்குப் பிள்ளை இல்லை, அப்பா அம்மா இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கதவைத் திறந்தால் உள்ளே யாரோ இருமுகிறார்கள் என்பதே எனக்குப் பெரிய விஷயம். அவர் தேறினால் போய்விடுவார் என்று தெரிந்துதான் தேற்றினேன். பதினைந்து நாளில் திரும்ப வருவாரா, இந்த வயசில் இன்னொரு முறை அந்த ரயிலைத் தாங்குவாரா என்பது எனக்குத் தெரியாது. ஆனாலும் உங்கள் முறையை நான் எடுத்துக்கொண்டேன் என்று யாரும் சொல்ல வேண்டாம்.

சுஹைர்


ஜிர்ஜா
14 ஆகஸ்ட் 1984

சுஹைருக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் எழுந்து போய் அவருடைய படுக்கை விரிப்பைத் துவைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பிறகு உட்கார்ந்து மறுபடி படித்தேன். சந்தேகம் வந்தது. மத்து இல்லாமல் கடைந்தாய், நூல் எழும்பினாலே உனக்கு அவமானம் என்கிறாய், சோள ரொட்டியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அவர் ஒன்றரை ரொட்டி சாப்பிட்டார். நீ எழுதிய எல்லாவற்றையும் நம்புகிறேன், இதை மட்டும் நம்ப முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

முப்பத்தைந்து வருஷமாக இந்த வீட்டில் அவர் என் வேக்காவைத் தட்டில் மிச்சம் வைக்காமல் தின்றது கிடையாது. கல்யாணமான புதிதில், "எங்க அம்மா வெச்ச மாதிரி இல்ல" என்பார். மாமியார் இறந்த பிறகு, "லக்ஸர் ஸ்டேஷன்ல ஒருத்தி விப்பா பாரு" என்பார். பதினோரு வருஷமாக என்ன சொல்கிறார் தெரியுமா? "தன்தாவுல வெண்டைக்கா ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. தட்டுல வெச்சா மாலை கோத்த மாதிரி நிக்கும். நீ என்னன்னா கஞ்சி காய்ச்சி வெச்சிருக்க." இதைக் கேட்டுக் கேட்டு, போன இரண்டு கோடையாக நான் வெண்டைக்காயே வாங்குவதில்லை.

உன் முதல் கடிதம் வந்தபோதே இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் நாக்கிலிருந்து என் பெயரோடு சேர்த்து ஒரு நல்ல வார்த்தை வந்திருக்கிறது. அது அறுநூறு கிலோமீட்டர் தள்ளி, உன்னிடம் சொன்னதாக இருந்தாலும் எனக்கு வேண்டியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நாள் இருந்தேன். உனக்கு இது சிரிப்பாக இருந்தால் சிரித்துக்கொள்.

என்ன செய்து சாப்பிட வைத்தாய் என்று உண்மையைச் சொல். அவர் இங்கே வந்ததும் நான்தானே சமைக்க வேண்டும்.

ரதீபா


தன்தா
22 ஆகஸ்ட் 1984

ரதீபா அக்கா,

சிரித்தேன். சமையலறைத் தரையில் உட்கார்ந்து சிரித்தேன், அவர் உள்ளேயிருந்து "யாரு வந்திருக்கா" என்று கேட்கும் அளவுக்கு. பிறகு அழுகையாகவும் வந்தது. பதினோரு வருஷம் இங்கே நான் உங்கள் கையோடு சண்டை போட்டிருக்கிறேன், அங்கே நீங்கள் என் கையோடு. நடுவில் ஒருத்தர் ரயிலில் போய் வந்துகொண்டிருந்திருக்கிறார்.

உண்மை இதுதான். அன்று உங்கள் இரண்டாவது முறைப்படி செய்ய ஆரம்பித்து, நடுவில் வெறுத்துப்போய் விட்டுவிட்டேன். மீதமிருந்த காயை என் முறைப்படியே செய்தேன். பிஞ்சுக் காய், கொண்டையைச் சீவி, முழுசாக. ஒரு கரண்டி எண்ணெயில் பூண்டைக் காட்டி, தக்காளியைத் துருவி ஊற்றி, கொதித்ததும் காயை அடுக்கி, மூடி, சின்னத் தீ. கரண்டி போடுவதில்லை. சட்டியை இரண்டு காதிலும் பிடித்து ஒரு குலுக்கு குலுக்கினால் போதும். இறக்கும்போது எலுமிச்சை. உப்பு ஒரு கல்கூட இல்லை.

அந்த நேரத்தில் மஹ்ரூஸ் நலம் விசாரிக்க வந்து கதவைத் தட்டினார். என்ன தோன்றியதோ, வெண்டைக்காயை ஒரு தகர டப்பாவில் போட்டு, துணியில் முடிந்து, அவர் கையில் கொடுத்து, மறுபடி வெளியே போய்த் தட்டச் சொன்னேன். நல்ல மனுஷன், ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வந்து, "ஷாஸ்லி, ஜிர்ஜாலேர்ந்து உன் வீட்டுக்காரி குடுத்து அனுப்பிச்சா" என்றார்.

அவர் முடிச்சைத் தானே அவிழ்த்தார். முகர்ந்து பார்த்தார். ரயிலில் வந்தது என்றால் அவருக்கு அது வேத வாக்கு. டப்பாவோடு மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். என் வெண்டைக்காயை, அக்கா. பதினோரு வருஷமாகத் தள்ளிவிட்ட அதே வெண்டைக்காயை, உங்கள் பெயரைச் சொல்லிச் சொல்லிச் சாப்பிட்டார். நான் எதிரே நின்றுகொண்டு, "நல்லா இருக்கா?" என்று கேட்டேன். "நீ கத்துக்க" என்றார்.

அதற்குப் பிறகு வாரத்தில் இரண்டு தடவை அந்த டப்பா ரயிலில் வருகிறது.

செப்டம்பர் இரண்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் ரயிலில் மஹ்ரூஸ் அவரைக் கூட்டி வருவார். மாத்திரைகளைத் தனித்தனியாகக் கட்டி மேலே எழுதியிருக்கிறேன். டப்பாவையும் கூடவே அனுப்புகிறேன். அங்கே தட்டைத் தள்ளினால் அதில் போட்டு, சுஹைர் கொடுத்து அனுப்பினாள் என்று சொல்லுங்கள். ஹமீதாவைக் கதவைத் தட்டச் சொல்லுங்கள். அவருக்குச் சாப்பாடு இறங்க வேண்டும், யார் பெயரில் இறங்கினால் என்ன.

சுஹைர்


ஜிர்ஜா
14 செப்டம்பர் 1984

சுஹைருக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தார். மஹ்ரூஸும் ஹமீதாவின் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படியேற்றினார்கள். இளைத்திருக்கிறார், ஆனால் கண்ணில் வெளிச்சம் இருக்கிறது. நீ நன்றாகப் பார்த்திருக்கிறாய். இதை ஹமீதாவின் முன்னாலேயே சொன்னேன். பெருநாளும் ஆயிற்று. கறியைத் தொடவிடவில்லை, ஊரார் வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டேன். அதற்கு என்மேல் கோபம்.

உன் கடிதத்தை அவர் வருவதற்குள் பலமுறை படித்துவிட்டேன். ஒரு விஷயம் உனக்குத் தோன்றவில்லை. நீ நர்ஸ், ரயில்வேக்காரி இல்லை. ஆகஸ்ட் வெயிலில் தக்காளி போட்டு ஆக்கிய வெண்டைக்காய் டப்பாவில் அடைத்து ஜிர்ஜாவில் ஏறினால் வழியில் அஸ்யூத் ஸ்டேஷன் வருவதற்குள் புளித்து மூடியைத் தூக்கும். தன்தாவில் அதைத் திறந்தால் தெருவே காலியாகும். ஆயுள் முழுக்க அந்த ரயிலில் எல்லோருடைய கூடையையும் முகர்ந்துகொண்டு போனவருக்கு இது தெரியாதா? அவர் முடிச்சை அவிழ்த்து முகர்ந்தார் என்று எழுதினாயே, அப்போதே தெரிந்திருக்கும். அவர் ஏமாறவில்லை. ஏமாந்தது போல உட்கார்ந்திருந்தால்தான் அவருக்குச் சோறு இறங்குகிறது. பக்கத்தில் இருக்கிறவளை நல்லவள் என்று சொல்லிவிட்டால் எதையோ இழந்துவிடுவோம் என்று பயம். அம்மா, லக்ஸர்க்காரி, நீ, நான், எல்லோரும் தூரத்தில் இருக்கும்போதுதான் நன்றாகச் சமைத்திருக்கிறோம்.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

வந்த மறுநாள் வேக்கா செய்தேன். மத்தால் கடைந்து, உப்பில்லாமல், புளிப்பு தூக்கலாக. தட்டைப் பார்த்தார். "சுஹைர் பண்ணுவா பாரு, ஒண்ணொண்ணும் தனித்தனியா" என்று ஆரம்பித்தார். தட்டைத் தள்ளினார். நான் எடுத்துக்கொண்டு போய்விட்டேன். சாயங்காலம் கொண்டுவந்தேன். தள்ளினார். அன்று முழுக்க ஒரு டம்ளர் தயிரும் மாத்திரையும்தான். ராத்திரி அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன். பயந்துவிட்டேன் சுஹைர். விடிந்ததும் உன் டப்பாவை எடுத்துத் துடைத்து, வேக்காவை அதில் போட்டு, துணியில் முடிந்தும்விட்டேன். ஹமீதா வெளியே போய் நின்றாள். கதவைத் தட்டினாள்.

நான் போய்த் திறந்து, "உள்ள வராத, வீட்டுக்குப் போ" என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. இன்னும் பேசமாட்டேன் என்கிறாள்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று கேட்பாய். ஐம்பத்தாறு வயசில் என் வீட்டு அடுப்பில் நான் ஆக்கியதை இன்னொருத்தி அனுப்பினாள் என்று என் வாயாலேயே சொல்ல வேண்டுமா? அவர் திரும்பி வர வேண்டும் என்று கேட்டது இதற்காகவா? நீயும் அங்கே இதைத்தான் செய்தாய். உனக்கு வலித்திருக்கும். நீ எழுதவில்லை.

டப்பாவிலிருந்து தட்டில் கொட்டினேன். வெயிலில் மாவைப் பொங்க வைத்துச் சுட்ட ரொட்டியை எடுத்துக்கொண்டு கூடத்துக்குப் போய் அவருக்கு எதிரே உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் ஆண் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் பெண் கை நனைப்பாள். உங்கள் ஊரில் எப்படியோ. நான் அவர் எதிரிலேயே ரொட்டியைப் பிய்த்துத் தொட்டுச் சாப்பிட ஆரம்பித்தேன்.

பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்ன, நீ சாப்பிடற?"

"பசிக்குது."

"எனக்கு?"

"தட்டு நடுவுலதான் இருக்கு."

"சுஹைர் இருந்தா..."

"சுஹைர் தன்தாவுல இருக்கா. நான்தான் இங்க இருக்கேன். இத ஆக்குனது நான். அங்க டப்பால வந்தத ஆக்குனது அவ. உங்களுக்கே தெரியும்."

ஜன்னலைப் பார்த்தார். ரயில் போகிற நேரம் இல்லை அது. நான் சாப்பிட்டுக்கொண்டே இருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருஷமாக அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே ருசி பார்த்ததில் எனக்கே தெரியாமல் போயிருக்கிறது.

தட்டு பாதிக்கு வந்தபோது கையை நீட்டினார். ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்தார். என் பக்கத்திலிருந்து தொட்டு வாயில் போட்டார்.

"உப்பு இல்ல" என்றார்.

"இல்லதான்" என்றேன்.

அடுத்த துண்டைப் பிய்த்தார். நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். ஆனால் தட்டில் மிச்சம் வைக்கவில்லை. அதற்குப் பிறகு தினமும் எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். ஊர் என்ன சொல்லும் என்று ஒரு நாள் கேட்டார். ஊரையும் கூப்பிட்டு உட்கார வைக்கலாம் என்றேன்.

திங்கட்கிழமை என் முறை முடிகிறது. செவ்வாய்க்கிழமை மஹ்ரூஸ் பகல் ரயிலில் அவரைக் கூட்டி வருவான். தாங்குவார், வைத்தியரிடம் காட்டிக் கேட்டுவிட்டேன். துணி மூட்டையில் உன் டப்பா இருக்கிறது, காலியாக. அதில் இனி பொத்தான் போட்டு வை. மூட்டையின் அடியில் மத்து இருக்கிறது. எனக்கு வேறொன்று வாங்கிக்கொள்ளலாம், இங்கே எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

நீ உன் முறைப்படியே செய், முழுசாக, ஒட்டாமல். மத்தை ஆணியில் மாட்டி வை, உபயோகிக்க வேண்டியதில்லை. தட்டை நடுவில் வைத்து எதிரே உட்கார். முதல் நாள் தள்ளுவார். அன்றைக்கு உனக்கும் பயமாக இருக்கும். விட்டுவிடாதே, நீ பாட்டுக்குச் சாப்பிட்டுக்கொண்டிரு.

ரதீபா